மணிக்கட்டைத் தாண்டிய கடிகாரம்

தென்கொரியாவில் எங்கள் தேகு நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றில்தான் தாக் ஜின்மோ வேலை பார்த்தான். முறையாகப் படித்துத் தேறிய கண்ணாடிக்காரன். வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, சின்ன பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை மூக்குக்கு மேலே பிடித்து, இரண்டு கருவிழிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பார்ப்பான். பிறகு மூன்று பிரேம்களை மட்டும் எடுத்து முன்னால் வைப்பான். நாலாவதைக் கேட்டால் முகம் சுளிக்கமாட்டான், ஆனால் எடுக்கவும் மாட்டான்.

"பிரேம் முகத்தைத் தாண்டக் கூடாதுங்க. தாண்டிச்சுன்னா நீங்க கண்ணாடி போட்ட மாதிரி இருக்காது. கண்ணாடி உங்களைப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கும்" என்பான். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே அவன் சொன்னதை வாங்கிப் போவார்கள்.

ஊரில் உள்ளவர்கள் முகத்துக்கெல்லாம் அளவு சொன்ன இந்த மகானுபாவனுக்குத் தன் கையின் அளவு மட்டும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதுகூடத் தப்பு. நன்றாகவே தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

ஜின்மோவின் மணிக்கட்டு மெலிசு. ஆள் ஒன்றும் குட்டையில்லை, தோளும் மோசமில்லை. முழங்கைக்குக் கீழேதான் கடவுள் கை சுருக்கிவிட்டார். பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் 'சோத்துக் குச்சி' என்று பெயர், சோறு எடுத்துத் தின்கிற குச்சி போல மெலிசாம். பட்டாளத்தில் கட்டாயச் சேவைக்குப் போனபோது, அணிவகுப்பைப் பார்வையிட வந்த சார்ஜன்ட் அவன் மணிக்கட்டைத் தன் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் வளைத்துப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "இதப் பார்த்தா எதிரி சுடமாட்டான்டா. அய்யோ பாவம்னு கூப்பிட்டுச் சோறு போட்டு அனுப்புவான்" என்றார். வரிசையே குலுங்கிச் சிரித்தது. ஜின்மோவும் சிரித்தான். அன்றிலிருந்து அவன் அரைக்கைச் சட்டை போடவில்லை. தேகுவின் ஆகஸ்டு மாதத்தில் தார்ச்சாலையே இளகும். அப்போதும் அவன் முழுக்கைச் சட்டையின் பித்தான்களைப் பூட்டிக்கொண்டு வேர்த்து வழிந்து நிற்பான்.

முப்பத்திரண்டு வயதில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணின் பெயர் நரே. பாலர் பள்ளியில் ஆசிரியை. அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவின் பெயர் மல்சுன். சந்தையில், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பக்க உணவுக் கடை வைத்திருந்தாள். காரம் தடவிப் புளிக்கவைத்த முட்டைக்கோசுக் கிம்ச்சி, சோயாவில் சுண்டவைத்த தாமரைக்கிழங்கு, நெத்திலி வறுவல், ஊறவைத்த பூண்டு என்று தட்டுத் தட்டாக அடுக்கி, விடியலில் வந்து உட்கார்ந்தால் இருட்டின பிறகுதான் எழுந்திருப்பாள். ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்தவள். பேச்சில் சிக்கனம். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிறான் என்றால் மேசையில் தட்டு வைக்க இடமிருக்காது.

பெண் வீட்டில் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் போடவேண்டும். மாப்பிள்ளை வீட்டில் பெண்ணுக்கு மோதிரம் போடவேண்டும். போட்டால் மட்டும் போதாது. என்ன போட்டார்கள், எவ்வளவு பெரிசு என்று கல்யாண மண்டபத்தில் எல்லோரும் கையைப் பார்ப்பார்கள். ஜின்மோவின் அண்ணனுக்குக் கல்யாணத்தில் போட்ட கடிகாரம் ஒரு கிம்ச்சி ஜாடி மூடி அளவுக்கு இருந்தது. அண்ணனுக்கு உருட்டுக்கட்டை போன்ற கை, அதனால் எடுப்பாகவே இருந்தது. அப்பா வந்தவர்களிடமெல்லாம், "சம்பந்தி வீட்டுல கொறை வைக்கலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை ஜின்மோவின் மனசில் ஆணி அடித்தமாதிரி நின்றுவிட்டது.

இன்னொரு வழக்கமும் உண்டு. கடையில் விலைச்சீட்டை மாப்பிள்ளை பார்க்கக்கூடாது. பார்த்தால் அற்பன் என்று அர்த்தம். கடைக்காரர் சீட்டை உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, கால்குலேட்டரில் தட்டிப் பெண்ணின் அம்மாவிடம் மட்டும் காட்டுவார். மாப்பிள்ளை அந்த நேரம் பார்த்துக் கூரையில் உள்ள விளக்கை ரசிக்கவேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தைய மாதம் மூன்று பேரும் நகைக்கடைத் தெருவில் மேங் என்பவரின் கடைக்குப் போனார்கள். மேங்கின் மனைவி மோதிர அளவு பார்க்க நரேவை அடுத்த அறைக்கு அழைத்துப் போனாள். இந்தப் பக்கம் மேங் ஒரு வெல்வெட் தட்டில் இரண்டு கடிகாரங்களை வைத்தார். ஒன்று பெரிசு. தடித்த வளையம், மூன்று குட்டி முட்கள், நாலைந்து பொத்தான்கள், எஃகுச் சங்கிலி. அப்போது அதுதான் எல்லோர் கையிலும். இன்னொன்று சிறிசு. வெள்ளை முகம், மெல்லிய இரண்டு முட்கள், கறுப்புத் தோல்பட்டை. அவ்வளவுதான்.

மல்சுன் மேங்கைக் கேட்காமலேயே சின்னதை எடுத்தாள். ஜின்மோவின் சட்டைக் கையைத் தானே மேலே ஒதுக்கினாள். ஊறுகாய் வாடை அடிக்கிற விரல்களால் பட்டையைக் கட்டி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாருங்க மாப்பிள்ளை. உங்க கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"அம்மாவுக்கு நல்ல கண்ணு" என்றார் மேங். "எல்லாரும் பெரிசு பெரிசுன்னு அலையறாங்க. மெலிசான கைக்கு இதுதான் அளவு." சொல்லிவிட்டுப் பெட்டி எடுத்துவர உள்ளே போனார்.

கண்ணாடியில் பார்த்தபோது ஜின்மோவுக்கே தெரிந்தது, சரியாகத்தான் இருக்கிறது என்று. அளவு பார்த்துப் பார்த்துப் பழகின கண் பொய் சொல்லாது. ஆனால் காதில் விழுந்தது வேறு. மெலிசான கை. மாமியார் சட்டைக் கையை ஒதுக்கியபோதே அவனுக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருஷம் மறைத்து வைத்ததைச் சந்தைக்காரி ஒருத்தி கடை நடுவில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அதை ஒரு காரணமாக வைத்துச் சின்னதாக, மலிவாக ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று தோன்றியது. தோன்றியது வாய்க்கு வந்தது.

"எங்க அண்ணனுக்கு இதைவிட ரெண்டு மடங்கு பெருசு போட்டாங்க அத்தை" என்றான். குரலில் தேன். "பரவாயில்லை. உங்க சௌகரியம் எப்படியோ அப்படிப் பாருங்க. எங்க வீட்டுல நான் சொல்லிக்கிறேன்."

மல்சுன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பட்டையை மெதுவாக அவிழ்த்தாள்.

"பெருசு பிடிச்சிருக்கா?"

"உங்க இஷ்டம் அத்தை."

மேங் பெட்டியோடு திரும்பி வந்தார். மல்சுன் பெரிய கடிகாரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "மாப்பிள்ளைக்கு இதுதான் வேணுமாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேக்கமாட்டேங்கறாரு." மேங் திகைத்துப் போய் அவளைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையசைத்தாள். உடனே மேங் ஜின்மோவுக்கு இடுப்பு மடங்கக் குனிந்து வணக்கம் சொன்னார், வழக்கத்தைவிட ஒரு பங்கு அதிகமாகவே. விலை கூடின சாமான் வாங்கினால் கும்பிடும் கூடும் என்று நினைத்து ஜின்மோ நிமிர்ந்து நின்றான். நரே விரலில் மோதிரத்தோடு சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

கல்யாணம் நடந்தது. போட்டோவில் கடிகாரத்தைத் தேடினால் கிடைக்காது. எடை தாங்காமல் அது மணிக்கட்டின் அடிப்பக்கம் புரண்டு போயிருந்தது. சங்கிலியில் கழற்ற முடிந்த கண்ணிகளையெல்லாம் கழற்றினான். சங்கிலி இறுகியது, முகம் சுருங்கவில்லை. பட்டை மாட்டும் கொம்புகள் இரண்டும் கையின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நின்றன. பக்கவாட்டில் பார்த்தால் கைக்கும் கடிகாரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. மணிக்கட்டு எலும்பில் இடித்து இடித்து நீலம் பாய்ந்தது.

அவனோடு வேலை பார்த்த போங்கியு ஒருநாள் கேட்டான்: "என்னடா இது, கேடயமா? யாராவது வாளை எடுத்துக்கிட்டு வரப்போறாங்கன்னு தகவல் வந்திருக்கா?"

"கல்யாணக் கடிகாரம்டா. மாமியார் போட்டது."

"அந்த அம்மாவுக்கு உன் மேல என்ன கோவம்?"

அந்த வாரத்திலிருந்து கடிகாரம் வீட்டில் பெட்டியில் கிடந்தது. மாமியார் வீட்டுக்குப் போகும் நாளில் மட்டும் வெளியே வந்தது. அங்கே சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைப்பார்கள். யாராவது ஒரு கிழவர் அவன் தோளில் தட்டுவார். பெரிசாக இருப்பதைப் பார்த்துத்தான் தட்டுகிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான். நினைக்கட்டும். ஒருவன் முட்டாளாக இருக்கும்போது கிடைக்கிற சந்தோஷம் அப்புறம் கிடைப்பதில்லை.

இரண்டாவது வருஷம், மாமியார் வீட்டுக்குக் கிளம்பவேண்டிய ஒரு சாயங்காலம், கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கடையில் நின்றான். படிக்கிற கண்ணாடி வாங்க ஒரு பாட்டையா வந்திருந்தார். அகலமான பிரேம் வேண்டும் என்று அவர் அடம்பிடிக்க, ஜின்மோ வழக்கம்போல முகத்தைத் தாண்டக்கூடாது என்று உபதேசம் ஆரம்பித்தான். பாட்டையா அவன் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, இந்தச் சட்டம் கழுத்துக்கு மேல மட்டும்தானா?"

போங்கியு கவுண்டருக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவதுபோலச் சிரித்தான். ஜின்மோ அகலமான பிரேமையே எடுத்துக் கொடுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நரே வெளியே போன நேரம், அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, வட்ட வட்டமாக வெட்டினான். முப்பத்துநாலு, முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பது மில்லிமீட்டர். கடையிலிருந்து கொண்டுவந்த அளவுகோல்தான் துணை. ஒவ்வொன்றாக மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு குளியலறைக் கண்ணாடி முன் நின்றான். முகத்துக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தால் எல்லாமே பெரிசாகத் தெரிந்தது. தள்ளி நின்று, கையைத் தொங்கவிட்டுப் பார்த்தான். அடுத்தவர் கண்ணுக்கு அப்படித்தானே தெரியும்? வட்டம் மட்டும் போதாது, மேல் கொம்பிலிருந்து கீழ்க் கொம்பு வரைக்கும் உள்ள நீளம்தான் முக்கியம் என்று புரிந்தது. கையின் மேல்பக்கம் தட்டையாக இருக்கிற இடத்துக்குள் அது அடங்கவேண்டும். அப்புறம் மதிய இடைவேளைகளில் வேறு வேறு கடைகளுக்குப் போய், "அப்பாவுக்கு வாங்கறேன், அவருக்கும் என் கைதான்" என்று புளுகிவிட்டுக் கட்டிப் பார்த்தான். முப்பத்துநாலு சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. முப்பத்தெட்டு பரவாயில்லை, ஆனால் பரவாயில்லை என்பதோடு சரி. முப்பத்தாறைக் கட்டினபோது கையில் ஒன்று கட்டியிருப்பதே மறந்துபோனது. சட்டைக் கை அதன்மேல் தானாக வந்து உட்கார்ந்தது. கையும் மெலிசாகத் தெரியவில்லை. கையாகத் தெரிந்தது. அவ்வளவுதான். மெலிசாகக் காட்டியது பெரிய கடிகாரம்தான்.

மாமியார் அன்றைக்கு எடுத்ததும் அந்த அளவுதான் என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. அவள் அட்டை வெட்டவில்லை, அளவுகோல் பிடிக்கவில்லை. பார்த்தாள், எடுத்தாள்.

சரி, மாற்றிக்கொண்டால் போச்சு என்று மேங்கின் கடைக்குப் போனான். பெரிசைக் கொடுத்துச் சின்னதை வாங்கினால் மிச்சம்கூடக் கைக்கு வரும், அதில் நரேவுக்கு ஏதாவது வாங்கலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனான்.

மேங்குக்கு அவனை அடையாளம் தெரிந்துவிட்டது. "மல்சுன் அம்மா மாப்பிள்ளையா! வாங்க வாங்க. உங்களை மறக்க முடியுமா?" என்று மனைவியைக் காப்பி போடச் சொன்னார். ஜின்மோ விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையைச் சொறிந்தார்.

"மாத்திக் கொடுக்கலாம். ஆனா நீங்கதான் மேல போட்டுக் கொடுக்கணும் தம்பி. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை."

"சின்னதுக்கா?"

"சின்னதுன்னா மலிவா? பெரிசு பேட்டரியில ஓடற சாமான். இது சாவி கொடுக்கறது, உள்ள மெஷின் அப்படி. உங்களுக்குத்தான் தெரியுமே, அம்மா சொல்லியிருப்பாங்களே. தெரிஞ்சதால தானே அன்னிக்கு வேண்டாம்னு தள்ளினீங்க?"

ஜின்மோவின் கையில் காப்பிக் கோப்பை அசையாமல் நின்றது. மேங் நிறுத்தவில்லை. நல்ல மனுஷர், நல்லதைச் சொல்கிறோம் என்ற சந்தோஷத்தில் சொல்லிக்கொண்டே போனார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே அந்த அம்மா வந்து இதைப் பார்த்து வெச்சுட்டுப் போயிருந்தாங்க. சாப்பிடும்போது சட்டைக் கை மேலேறினப்ப பார்த்தேன், கை மெலிசு, பெரிசு கட்டினா நாலு பேர் கேலி பண்ணுவாங்க, என் மாப்பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னாங்க. விலையைச் சொன்னேன். இருக்கட்டும்னாங்க. கடைசியில நீங்க, ஒத்தை ஆளா சம்பாதிக்கிற அம்மாவுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு கொறஞ்ச விலையை எடுத்தீங்க. இந்தக் கடையில எத்தனையோ மாப்பிள்ளைகளைப் பார்த்தாச்சு. கேட்டு வாங்கினவன் உண்டு, அழுது வாங்கினவன் உண்டு. வேண்டாம்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். கல்யாணத்துக்கு வாங்க வர்றவங்களுக்கெல்லாம் உங்க கதையைத்தான் சொல்றேன்."

ஜின்மோ காப்பியைக் குடித்தானா இல்லையா என்பது அவனுக்கே தெரியாது. தெருவுக்கு வந்ததும் ஒரு கடையின் கண்ணாடி ஜன்னலில் தன் முகம் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு வருஷமாகச் சொந்தக்காரர்கள் ஏன் புன்னகைத்தார்கள், கிழவர் ஏன் தோளில் தட்டினார் என்பதெல்லாம் வரிசையாக விளங்கியது. மல்சுன் ஊரெல்லாம் அந்தக் கதையைத்தான் சொல்லியிருக்கிறாள். அவன் எறிந்த கல்லைப் பொறுக்கி, துடைத்து, பூச்சுப் பூசி, அவனுக்கே பதக்கமாகக் குத்திவிட்டிருக்கிறாள். அவள் கையிலிருந்த ஊறுகாய் வாடை நினைவுக்கு வந்தபோது அவனுக்குக் கண் கலங்கியது. மலிவாக ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று நினைத்த தன் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அதைச் செய்யாமல் இனி அவள் மேசையில் ஒரு வாய் சோறு இறங்காது என்று தெரிந்துவிட்டது. மறுநாளே சந்தைக்குப் போனான். மல்சுன் தாமரைக்கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாப்பிள்ளை, வேலை நாள்ல? சாப்பிட்டீங்களா?"

"இல்லை அத்தை, ஒரு விஷயம்..."

"நரேவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லை இல்லை. சும்மாதான்."

அதற்குள் ஒரு பெண் நெத்திலி கேட்டு வந்தாள். மல்சுன் அவளிடம், "இவருதான் என் மாப்பிள்ளை" என்றாள். அந்தப் பெண், "ஓ, கடிகாரத்து மாப்பிள்ளையா" என்று வாயெல்லாம் பல்லாகக் குனிந்து வணக்கம் வைத்தாள். ஒரு டப்பா பூண்டை வாங்கிக்கொண்டு திரும்பினான். காசு கொடுக்கப் போனபோது மாமியார் கையைத் தட்டிவிட்டாள்.

சூசொக் என்னும் அறுவடைத் திருநாள் வந்தது. காலையில் அவன் அப்பா வீட்டில் மூதாதையர் படையலை முடித்துவிட்டு, மத்தியானம் மல்சுன் வீட்டுக்குப் போனார்கள். அங்கே மல்சுனின் அக்காவும் அக்கா புருஷனும் வந்திருந்தார்கள். நரேவுக்குப் பெரியம்மா, பெரியப்பா. பெரியம்மாவின் மருமகன் தலைநகர் சியோலில் பல் டாக்டர். கல்யாணத்துக்கு வீட்டுச் சாவி, கார் சாவி, ஆஸ்பத்திரிச் சாவி என்று மூன்று சாவி கேட்டு வாங்கினவன். இந்தத் திருநாளுக்கும் அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனால் அவன் பெயரைச் சொல்லாமல் பெரியம்மாவால் சோறு தின்ன முடியாது. சந்தையில் உட்கார்ந்து கிம்ச்சி விற்கும் தங்கச்சி முன்னால் அந்தப் பெயர் இன்னும் உரக்க வரும்.

தாழ்வான மேசையைச் சுற்றி ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். மீன் வடை, கண்ணாடி நூடுல்ஸ், பைன் இலை வாசனையோடு அரிசிக் கொழுக்கட்டை, மாட்டிறைச்சிச் சூப். ஜின்மோ பெரியப்பாவுக்குச் சோஜு சாராயம் ஊற்றினான். பெரியவருக்கு ஊற்றும்போது வலது கையில் புட்டி, அந்தக் கையை இடது கை தாங்கவேண்டும். சட்டைக் கை மேலேறியது. கடிகாரம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வந்து நின்றது.

பெரியப்பா அதைப் பார்த்தார். பெண்டாட்டியைச் சீண்டாமல் அவருக்கும் சோறு இறங்காது. "இங்க பாரு. உன் மருமகன் மூணு சாவி கேட்டான். இவன் கடிகாரத்துலகூட விலை கொறஞ்சதா எடுத்தான். மல்சுன் கொடுத்து வெச்சவ."

"சரி சரி. இதையே எத்தனை தடவை சொல்றது" என்றாள் பெரியம்மா.

மல்சுன் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். வருஷம் முழுக்க அக்காவிடம் தலை குனிந்தே பேசுகிறவள், அந்த ஒரு நிமிஷம் மட்டும் முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நரே ஜின்மோவைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்பார்கள். யார் தலையில் இறங்கும் என்று யோசிக்க வேண்டாமா? ஜின்மோ யோசிக்கவில்லை. புட்டியைக் கீழே வைத்து, முழங்காலிட்டு உட்கார்ந்தான்.

"அது உண்மை இல்லை பெரியப்பா."

"எது?"

"நான் விலை கொறஞ்சதைக் கேக்கலை. பெருசுதான் விலை கூடன்னு நினைச்சேன். அத்தை எடுத்தது சின்னது. அதுதான் விலை கூட. எனக்குத் தெரியலை. எங்க அண்ணனுக்குப் பெருசு போட்டாங்க, நீங்க சின்னதாப் போடறீங்கன்னு கடையில வெச்சு அத்தையைக் குத்திக் காட்டினேன். அத்தை என் மானத்தைக் காப்பாத்தறதுக்காக எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லிட்டாங்க. நான்தான் அற்பன்."

சொல்லி முடித்துத் தரையில் நெற்றி படக் குனிந்தான். குனிந்தபோது நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தான். நிமிர்ந்தபோது மல்சுனின் முகம் தெரிந்தது. கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் சிவந்திருந்தது.

பெரியம்மா ஒரு கொழுக்கட்டையை எடுத்து நிதானமாக மென்றாள். "அப்படியா சங்கதி" என்றாள். "ரெண்டு வருஷமா நல்லாத்தான் கதை விட்டிருக்கே மல்சுன். நானும் நம்பிட்டேன் பாரு. எங்க மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டாரு, உண்மைதான். மாமியாரைக் குத்திக் காட்டலையே."

பெரியவர் முன்னால் சின்னவர்கள் குடிப்பதுபோலப் பெரியப்பா தலையைத் திருப்பிக்கொண்டு சோஜுவைக் குடித்தார், அவர்தான் அங்கே மூத்தவர் என்றாலும். மல்சுன் எழுந்தாள். "சூப் ஆறிடுச்சு. சுட வெச்சுட்டு வரேன்" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சூப்பிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

காரில் திரும்பும்போது நரே ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"போன மாசம்."

"ஒரு மாசம் இருந்துச்சு. அம்மாகிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம். என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தான் போனேன். முடியலை."

"தனியா முடியலை, பெரியம்மா முன்னாடி முடிஞ்சுது." அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்குப் பெரிய கடிகாரம் கட்டிக்கிட்டு நாலு பேர் முன்னாடி நிக்கணும்னு ஆசைப்பட்டே. இன்னிக்கு உண்மை பேசற பெரிய மனுஷனா நிக்கணும்னு ஆசைப்பட்டே. ரெண்டு தடவையும் அம்மாதான் விலை கொடுத்தாங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். நெற்றி தரையில் பட்டபோது வந்த அந்தச் சந்தோஷம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

திருநாள் முடிந்து சந்தை திறந்த அன்று, கடை திறப்பதற்கு முன்னாலேயே ஜின்மோ போய் நின்றான். கையில் கடிகாரம் இல்லை. மல்சுன் முட்டைக்கோசைப் பிளந்து உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். யாரும் இல்லை. இவன் வந்ததைப் பார்த்தும் சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்கவில்லை. அவளை அறிந்த நாளாக அவள் அதைக் கேட்காமல் விட்டது அன்றுதான்.

"தப்புப் பண்ணிட்டேன் அத்தை" என்றான். இந்த முறை குனியவில்லை. குனிய வெட்கமாக இருந்தது.

"எதைச் சொல்றீங்க? கடையில பண்ணதையா, அக்கா முன்னாடி பண்ணதையா?"

"ரெண்டையும்தான்."

மல்சுன் ஒரு முட்டைக்கோசை உப்புத் தடவி முடித்து ஓரமாக வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். இலை இலையாக விரித்துக்கொண்டே பேசினாள்.

"கடையில பண்ணது சின்னப் புள்ளைத்தனம். கைய ஒளிச்சு ஒளிச்சு வளர்ந்த புள்ளைன்னு சட்டையை ஒதுக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டேன். மன்னிச்சாச்சு. ஆனா அந்தக் கதையை உங்களுக்காகச் சொன்னேன்னா நினைச்சீங்க? இல்லை மாப்பிள்ளை. என் பொண்ணு நல்ல இடத்துல வாழ்க்கைப்பட்டிருக்கான்னு ஊர் சொல்லணும். அப்பா இல்லாத புள்ள. அதுக்காகச் சொன்னேன்."

பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"முதல் தப்பை அன்னிக்கே நான் மூடிட்டேன்" என்றாள் மல்சுன். முதல் தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை. களைப்பாக இருந்தாள். "ரெண்டாவதை எப்படி மூடுறதுன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சா நீங்களே சொல்லுங்க."

அவன் சொல்வான் என்று சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு உப்பை அள்ளினாள்.